ஊசி போடும் கைக்கும் ஒரு பதிவு எண் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"போலி டாக்டர் கைது" என்ற செய்தி உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. பிளஸ் டூ படித்துவிட்டு ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு பத்து வருடம் வைத்தியம் பார்த்தவர், மருந்துக் கடையில் வேலை பார்த்துவிட்டு கிளினிக் திறந்தவர் என்று படிக்கிறோம். படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அவர் போலி என்று அதிகாரிகள் எதை வைத்து முடிவு செய்தார்கள்? மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான். பதிவேடு ஒன்று இருப்பதால்தான் போலியைப் போலி என்று சொல்ல முடிகிறது.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மிஷின் வழியாகச் சுத்தப்படுத்துவதுதான் டயாலிசிஸ். 25 வருடமாக இதே வேலை. "போலி டெக்னீஷியன் கைது" என்று ஒரு செய்தியை நான் இதுவரை பார்த்ததில்லை. எப்படி வரும்? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பதிவேடு வேண்டாமா?

வீடு பெரம்பூரில். கீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. காலை ஷிஃப்ட் என்றால் ஆறு மணிக்கு முதல் நோயாளிக்கு ஊசி போட்டாக வேண்டும். ஐந்துக்கே யூனிட்டுக்குள் இருப்பேன். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பதிவு, ஒழுங்குமுறை எல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கான பதில் அதில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை தண்ணீர். ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் ஓடினால், நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் சுமார் 120 லிட்டர் திரவம் அவருடைய ரத்தத்தை ஒட்டி ஓடி வெளியேறுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது டயலைசர் என்ற வடிகட்டிக்குள் முடிபோல இருக்கும் குழாய்களின் மெல்லிய சவ்வு மட்டும்தான். நாம் குடிக்கும் தண்ணீரில் ஏதாவது இருந்தால் குடல் தடுக்கும், கல்லீரல் பார்த்துக்கொள்ளும். இங்கே அந்தக் காவல் கிடையாது. குடிநீரில் கிருமியைக் கொல்லப் போடுகிற அதே குளோரின் டயாலிசிஸ் தண்ணீரில் தங்கிவிட்டால் நோயாளியின் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். குளோரினை நீக்கும் கார்பன் ஃபில்டரைத் தாண்டி வரும் தண்ணீரில் மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் இதைச் சோதித்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

2019 கோடை நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிப்போய், தெருத் தெருவாகக் குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருந்தோம். எங்கள் யூனிட்டுக்கும் லாரித் தண்ணீர்தான் வந்தது. ஒரு லாரியில் வாயில் வைக்க முடியாத உப்பு. இன்னொன்றில் குளோரின் வாடை மூக்கைத் துளைக்கும். ஷிஃப்டுக்கு ஒரு முறை செய்யும் சோதனையை அந்த மாதங்களில் லாரிக்கு ஒரு முறை செய்தோம். இரண்டு தடவை அளவு மீறிவிட்டது. நோயாளிகளை வெளியே உட்காரவைத்துவிட்டு, கார்பன் டேங்கைக் கழுவி, மறுபடி சோதித்து, அதன் பிறகே மிஷினைப் போட்டோம். "என்னம்மா, இன்னைக்கு இவ்வளவு லேட்டு?" என்று அவர்களுக்குக் கோபம். இரவெல்லாம் மூச்சுத் திணறி, கால் வீங்கி வந்தவர்கள், கோபம் நியாயம்தான். அந்த இடத்தில் குளோரின் என்ன செய்யும் என்று தெரியாத ஒருவர் நின்றிருந்தால் நேரத்துக்கு மிஷின் ஓடியிருக்கும், யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். 1996-இல் பிரேசிலில் கருவாரு என்ற ஊரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு லாரியில் கொண்டுவந்த தண்ணீரைச் சரியாகச் சுத்திகரிக்கவில்லை. அதிலிருந்த பாசி நச்சு ரத்தத்தில் ஏறி ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்துபோனார்கள். அந்தக் கோடையில் ஒவ்வொரு லாரி வந்து நின்றபோதும் எனக்கு அந்த ஊர் பெயர்தான் ஞாபகம் வந்தது.

அடுத்தது ஊசி. கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா என்று ஒன்றை அறுவைச் சிகிச்சையில் உண்டாக்கி வைத்திருப்பார்கள். அதன்மேல் விரலை வைத்தால் பொன்வண்டை அடைத்த தீப்பெட்டியைப் பிடித்ததுபோல ஓர் அதிர்வு தெரியும். அந்த அதிர்வு இல்லையென்றால் ஊசியைத் தொடக் கூடாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும். சுலபமாக இருக்கிறதே என்று தினமும் ஒரே இடத்தில் குத்தினால் அந்த இடம் பலவீனமாகிப் பலூன்போல் வீங்கிவிடும். ஏணிப்படிபோல இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். நோயாளிக்கு இருப்பது இரண்டே கை. ஒரு ஃபிஸ்டுலா கெட்டுப்போனால் அவருடைய ஆயுளில் சில வருடங்கள் போனதாக அர்த்தம்.

இப்போது என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் தாய்மாமாவுக்கு 2018-இல் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. அவர் வீடு ஊரின் இன்னொரு கோடியில். வாரம் மூன்று நாள் கீழ்ப்பாக்கம் வரை அலைய உடம்பு இடம் கொடுக்காது என்று, அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய மையத்தில் சேர்த்தோம். இரண்டாவது மாதம். ஏ.சி. குளிர் தாங்காமல் மாமா போர்வை கேட்டிருக்கிறார். டெக்னீஷியன் பையன் நல்ல மனசோடு கழுத்துவரை போர்த்திவிட்டான், ஊசி இருந்த கையையும் சேர்த்து. ஊசி போட்ட கை எந்நேரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லித்தரும் பாடம். போர்வைக்குள் பிளாஸ்திரி இளகி, ரத்தம் உடம்புக்குத் திரும்பிப் போகும் ஊசி நழுவிவிட்டது. மிஷின் நிமிடத்துக்கு 300 மில்லி ரத்தத்தை இழுத்து மெத்தையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய ஆள் உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் அளவுதான்.

மிஷினில் அலாரம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள். இந்த ஊசி நழுவும்போது அழுத்தம் அலாரத்தின் எல்லையைத் தாண்டும் அளவுக்கு இறங்காமலே போவதுண்டு. அப்போது மிஷின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கண் வேண்டும் என்கிறோம். அன்றைக்கு அந்தக் கண் பக்கத்துப் பெட்டில் இருந்த ஓர் அம்மாவுடையது. தரையில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். அவரும் நோயாளி, அவர் கையிலும் ஊசி. மாமா பிழைத்தார். இரண்டு யூனிட் ரத்தம், நான்கு நாள் ஐ.சி.யூ.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பையன் வராண்டாவில் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். இருபது வயது இருக்கும். "சத்தியமா எனக்கு யாரும் சொல்லலக்கா" என்றான். அதற்கு முன்பு ஒரு செல்போன் கடையில் இருந்தானாம். மூன்று வாரம் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். நான்காவது வாரம் தனி ஆளாக நான்கு மிஷின். அவன்மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. அவன் கையில் ஊசியைக் கொடுத்தவர்கள்மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவனுடைய படிப்புச் சான்றிதழை நிர்வாகத்திடம் கேட்டேன். "எங்க நெஃப்ராலஜிஸ்ட் பதிவு பெற்ற டாக்டர், மேடம். அவர் மேற்பார்வையிலதான் எல்லாம் நடக்குது" என்றார்கள். அந்தச் சிறுநீரக டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகிறவர். புகார் கொடுக்க வழி தேடினேன். டாக்டர்மேல் என்றால் மெடிக்கல் கவுன்சில் உண்டு. நர்ஸ்மேல் என்றால் அவர்களுக்கும் கவுன்சில். மருந்தாளுநருக்கும் உண்டு. டெக்னீஷியனுக்கு? மூன்று இடங்களில் விசாரித்தேன். இது எங்கள் வரம்பில் வராது என்றுதான் மூன்று இடத்திலும் பதில். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது சட்டமே அப்படித்தான் இருந்தது. அந்தப் பையன் அடுத்த மாதம் வேறொரு மையத்தில் "அனுபவம் உள்ள டெக்னீஷியன்" என்று சேர்ந்திருந்தாலும் கேட்க நாதியில்லை.

மருத்துவர்களுக்குச் சென்னை மாகாணத்தில் 1914-லேயே பதிவுச் சட்டம் வந்துவிட்டது. செவிலியர்களுக்கும் பேறுகால உதவியாளர்களுக்கும் 1926-இல். பல் மருத்துவர்கள், மருந்தாளுநர்களுக்கு 1948-இல். லேப், எக்ஸ்ரே, ஆபரேஷன் தியேட்டர், கேத் லேப், டயாலிசிஸ் என்று மிஷினோடு நிற்கும் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து, தேசிய ஆணையமும் மாநில கவுன்சில்களும் அமைக்கும் சட்டம் வர 2021 ஆயிற்று. நடுவில் 73 வருடம். இந்த 73 வருடத்தில் டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையில் எத்தனை மிஷின்கள் வந்துவிட்டன! ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார். அந்த ஸ்கேனை எடுத்தவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று லேப் சொல்வதை வைத்துத்தான் இன்றைக்கு டயாலிசிஸ் அவசரமா, நாளை பார்க்கலாமா என்று முடிவாகிறது. ரத்தம் எடுக்கும்போது சரியாக எடுக்காமல் சிவப்பணு உடைந்துவிட்டால் அந்தப் பொட்டாசியம் கணக்கே பொய்.

2021 மார்ச்சில் அந்தச் சட்டம் நிறைவேறி, பத்துப் பிரிவுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பணிகளின் அட்டவணை வெளிவந்தது. அதில் டயாலிசிஸ் டெக்னாலஜிஸ்ட் என்று எங்கள் தொழிலின் பெயரைப் பார்த்த அன்று யூனிட்டில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதிவேடு உண்டு, பதிவு பெறாதவர் பெற்றதாகச் சொல்லிக்கொண்டால் முதல் தடவை 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, மாநில கவுன்சில்களை ஆறு மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆறு மாதம் போய், மூன்று வருடமும் போனது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மத்திய, மாநில அரசுகளைப் பார்த்து, இரண்டு மாதத்தில் இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள் என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. அதுவரை 14 மாநிலங்கள்தான் கவுன்சில் அமைத்திருந்தன, அவையும் சரிவர இயங்கவில்லை என்பது அந்த வழக்கில்தான் வெளியே வந்தது.

சட்டம் தாளில் இருக்கும்போது ஊரில் என்ன நடக்கிறது என்பதைப் புறநகர் ரயிலில் ஏறினாலே பார்க்கலாம். ஜன்னலுக்கு மேலே நோட்டீஸ்: டயாலிசிஸ், எக்ஸ்ரே, லேப் டெக்னீஷியன், மூன்றே மாதம், நூறு சதவீதம் வேலை உறுதி. எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அக்கா, பிளஸ் டூ முடித்த மகளை அப்படி ஒன்றில் சேர்க்கக் கம்மலை அடகு வைக்கக் கிளம்பினார். 35,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். நல்லவேளை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். அந்தப் பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். புதிய சட்டப்படி எங்கள் தொழிலுக்குக் குறைந்தபட்சம் 2,000 மணி நேரப் படிப்பு, அதுவும் இரண்டு வருடத்துக்குக் குறையாமல். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் தினம் எட்டு மணி நேரம் படித்தாலும் 720 மணிதான் ஆகும். நாளைக்குப் பதிவு என்று வரும்போது அந்தச் சான்றிதழ் எதற்கு உதவும்? அந்தப் பெண் இப்போது முறையான டிப்ளமோ படிக்கிறாள். இப்படிக் கேட்க ஆள் இல்லாத பெண்கள் திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வருகிறார்கள். போலிச் சான்றிதழில் முதலில் ஏமாறுவது நோயாளி அல்ல, இந்தப் பிள்ளைகள்தான்.

இவ்வளவு சொன்னவள், மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். எட்டாம் வகுப்புத்தான் படித்தவர். மிஷின் கழுவ வந்தவர், பழைய டாக்டர் ஒருவர் பக்கத்தில் இருத்திக் கற்றுக்கொடுத்ததால் டெக்னீஷியன் ஆனார். நான் கையில் டிப்ளமோவை வைத்துக்கொண்டு முதல் நாள் நடுங்கிக்கொண்டு நின்றபோது, "ஊசியைப் பார்க்காதம்மா, அவங்க முகத்தைப் பாரு" என்று சொன்னவர் அவர்தான். பி.பி. இறங்கப்போகிறது என்பதை மிஷின் சொல்வதற்கு முன்னால் நோயாளி கொட்டாவி விடுவதை வைத்தே சொல்லிவிடுவார். இன்றைக்கும் கஷ்டமான ஃபிஸ்டுலா என்றால் நான் அவரைத்தான் கூப்பிடுவேன். "இனிமே என்னை வெளிய அனுப்பிடுவாங்களாம்மா?" என்று இந்த வயதில் அவர் என்னைக் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

சட்டத்துக்கு முன்பே வேலையில் இருந்தவர்கள் பதிவு செய்துகொள்ள அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வருடம். 2021-இல் தொடங்கிய கணக்கு 2023-இல் முடிந்துவிட்டது. 2024-இல் உச்ச நீதிமன்றம் கெடு விதிக்கும் நிலையில் நாடு இருந்ததென்றால், அந்த இரண்டு வருடத்தில் அண்ணனைப் போன்றவர்கள் எந்தக் கதவைப் போய்த் தட்டியிருப்பார்கள்? கதவைத் திறக்கும் முன்பே நேரம் முடிந்துவிட்டது என்று பூட்டுவது நியாயமே இல்லை. அவர்களுக்குக் காலக்கெடுவைப் புதிதாகத் தொடங்க வேண்டும். சும்மா பதிந்துவிடச் சொல்லவில்லை. மிஷின் பக்கத்தில் நிற்கவைத்து, தண்ணீர் சோதனை, ஊசி, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் அளவு, அவசர நிலை எல்லாவற்றையும் செய்துகாட்டச் சொல்லித் தேர்வு வையுங்கள். கேள்வியைத் தமிழில் கேளுங்கள். தேறுகிறவரைப் பதியுங்கள், தேறாதவருக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்து மறுபடி வையுங்கள். அண்ணன் முதல் தடவையிலேயே தேறுவார், எனக்குச் சந்தேகமே இல்லை. செல்போன் கடையிலிருந்து வந்த பையனையும் நாலு வருடம் ஆனதால் அனுபவசாலி என்று தேர்வு இல்லாமல் உள்ளே விட்டுவிடாதீர்கள்.

பதிவேடு நோயாளியின் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். டாக்டர் எழுதும் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்கிறதே, அதுபோல எங்கள் ஐ.டி. கார்டில் பெயருக்குக் கீழே பதிவு எண்ணைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் போனில் தட்டினால் என் பெயர், படிப்பு, எந்த வருடம் பதிந்தேன், என்மேல் ஏதாவது நடவடிக்கை உண்டா என்பதெல்லாம் தமிழில் வர வேண்டும். நான்கு மணி நேரம் ஓடும் டயாலிசிஸ் ஷீட்டில் மணிக்கொரு தரம் பி.பி. எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணும் இருக்கட்டும்.

இதை நிறைவேற்றப் புதிதாக ஒரு படை தேவையில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு அரசுப் பணம் போகிறது. அந்தப் பில்லில் டெக்னீஷியனின் பதிவு எண் இல்லையென்றால் பணம் இல்லை என்று ஓர் உத்தரவு போட்டால், ஆள் எடுக்கும்போதே மையங்கள் சான்றிதழைக் கேட்க ஆரம்பித்துவிடும். 1997-ஆம் வருடச் சட்டப்படி தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்து ஆய்வுக்குப் போகிறவர்கள், கட்டடத்தையும் படுக்கையையும் எண்ணும்போது டெக்னீஷியன்களின் பதிவு எண்ணையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

பதிவு வந்தால் சம்பளம் கூட்டிக் கேட்பார்களே என்று சில நிர்வாகங்கள் தயங்குவது எனக்குத் தெரியும். கேட்போம்தான். 1999-இல் 1,800 ரூபாய்க்குச் சேர்ந்தவள் நான். படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஒரே சம்பளம், கேட்டால் "உனக்குப் பதிலாக வேறு ஆள் கிடைக்கும்" என்ற பதில். அந்த வேறு ஆள் யார் என்பதை மாமாவின் மெத்தையில் பார்த்துவிட்டேன்.

மாமா 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் காலமானார். அந்த விபத்துக்குப் பிறகு அதுவரை அவருக்கு டயாலிசிஸ் செய்தது எங்கள் யூனிட்டில்தான், பெரும்பாலும் நானே. வாரம் மூன்று நாள் அத்தை அவரை ஆட்டோவில் கூட்டி வருவார். குளிருகிறது என்பார், போர்த்திவிட்டு, ஊசி இருக்கும் கையை மட்டும் வெளியே எடுத்து வைப்பேன்.

என் பெயரையும் நான் வேலை பார்க்கும் இடத்தையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் சான்றிதழ் நகலைத் தங்கள் பார்வைக்காக மட்டும் இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் நிருபர் யாராவது அதிகாலை ஷிஃப்டில் ஒரு டயாலிசிஸ் யூனிட்டுக்கு வந்து பார்க்க விரும்பினால், நிர்வாகத்திடம் அனுமதி வாங்க என்னால் ஆனதைச் செய்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டயாலிசிஸ் டெக்னீஷியன்,
பெரம்பூர், சென்னை – 600011